தண்ணீர் வராத ஊத்து

சுவரில் பசை இன்னும் காயவில்லை. நாகஜோதி போஸ்டரின் மூலையை நகத்தால் கிளப்பி, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அவள் கிழிக்க நினைத்தது கீழே இருந்த எழுத்தைத்தான். அண்ணன் முகமும் சேர்ந்து, நெற்றியிலிருந்து தாடி வரைக்கும் கிழிந்து கையோடு வந்துவிட்டது.

"அக்கா! என்னக்கா செய்யிற? செத்த மனுசன் மூஞ்சியக் கிழிக்கிற!" சோணை ஓடிவந்தான். அவளுடைய நாடக செட்டுக்கு மிருதங்கம் வாசிக்கிறவன்.

"மூஞ்சி தானா வந்துச்சுடா. கீழ என்ன போட்டிருக்கு? வாசி."

சோணை கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டினான். "மணல் ஊத்து நாடகத்தைத் திருவிழா மேடையில் துணிந்து அரங்கேற்றிய... மறுகரை நாடக அறக்கட்டளையின்... கண்ணீர் அஞ்சலி."

"துணிஞ்சது யாரு?"

"நாமதேன்."

"கல்லெறி வாங்குனது?"

"ஒன் நெத்தியும் என் மிருதங்கமும்."

"பெறகு இவளுக கண்ணீர எதுக்குடா நம்ம கணக்குல விடுறாளுக?"

கிழித்ததைச் சுருட்டி எறிய மனமில்லாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கோச்சடையில் அந்தச் சந்து முழுக்க இதே போஸ்டர். பாலகம், எலக்ட்ரிக் கடை, கரண்டு பெட்டி, ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றிலும் அண்ணன் செல்வக்குமார் தாடியைத் தடவியபடி யோசித்துக்கொண்டிருந்தார். நேற்றுச் சாயங்காலம் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். இப்போது பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். தாடியை யாரோ சீவி விட்டிருந்தார்கள்.

நாகஜோதி பெட்டிப் பக்கம் போய் இன்னும் அழவில்லை. கேதத்துக்கு வந்த பெண்கள் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் பொட்டு நேரத்தில் கண்ணீர் வரவழைக்கிறவளுக்குக் கூடப்பிறந்தவன் சாவுக்கு வரவில்லையே என்று ஒருத்தி சொன்னது இவள் காதில் விழுந்தது. விழட்டும் என்றே சொன்னதுதான் அது.

ஒரே வயிற்றில் பிறந்து இரண்டு நாடகத்துக்குப் போனவர்கள் அண்ணனும் தங்கையும். நாகஜோதி திருவிழா மேடைக்காரி. மாசியில் ஆரம்பித்தால் மூச்சு விட நேரமிருக்காது. ஒத்திகை என்கிற பேச்சே கிடையாது. நாலு ஊர் நடிகர்கள் அரிதாரம் பூசும்போதுதான் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்ப்பார்கள். எதிரே நிற்கிறவன் மேடையில் என்ன கேட்பான் என்று தெரியாது. கேட்டால் கேட்ட இடத்தில் பதில் வரவேண்டும். திணறினால் ஊர் எழுந்து போய்விடும். அடுத்த வருஷம் அந்த ஊரிலிருந்து போன் வராது.

செல்வக்குமாருக்கு அறக்கட்டளை. சமணர் மலைக்குக் கீழே கீழக்குயில்குடி ரோட்டில் தகரம் போட்ட அரங்கம். ஆறு மாதம் ஒத்திகை. பார்க்க வருகிறவர்களை அழைத்து உட்கார வைத்து, நாடகம் முடிந்ததும் டீ கொடுத்துக் கலந்துரையாடுவார்கள். செலவை டெல்லியிலும் சென்னையிலும் இருக்கிற யாராவது பார்த்துக்கொள்வார்கள். நாடகம் படுத்துவிட்டால் அதற்குச் சோதனை முயற்சி என்று பெயர்.

"ஒங்களுது யாவாரம், ஜோதி" என்பார் அண்ணன். "சனத்துக்கு என்ன பிடிக்கும்னு பாத்துப் பாத்து ஆடுறது. ரிஸ்க் எடுக்கிறது நாங்கதான்."

"யாரு காசுலண்ணே?" என்பாள் இவள்.

அது சிரிப்போடு நடந்த சண்டை. சிரிப்பு போனது மணல் ஊத்து வந்த பிறகு.

அண்ணன் எழுதிய கடைசி நாடகம் அது. காய்ந்து கிடக்கிற வைகை மணலில் ஒரு கிழவி ஊத்துத் தோண்டுகிறாள். தோண்டிக்கொண்டே இருக்கிறாள். பாட்டில்லை, பேச்சும் பெரிதாக இல்லை. கடைசி வரைக்கும் தண்ணீர் வராது. விளக்கை அணைத்துவிட வேண்டியதுதான். ஒத்திகை பார்த்த அறக்கட்டளைக்காரர்கள், கடைசியில் தண்ணீர் வந்தாக வேண்டும், நம்பிக்கை கொடுக்காமல் அனுப்பக் கூடாது, நீர்ச் சேமிப்புக்கென்று வாங்கிய நிதி இது என்றார்கள். அண்ணன் முடியாது என்றார். அவர்கள் நாடகத்தை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது தங்கை வீடு தெரிந்தது அண்ணனுக்கு. இவளும் ரோஷத்தில் சரி என்றுவிட்டாள். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ஊர்ப் பொங்கலில், ராஜா ராணி நாடகத்துக்கு நடுவே கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கிழவியாக உட்கார்ந்து தோண்டினாள். கொஞ்ச நேரம் ஊர் பேசாமல் பார்த்தது. பிறகு விசில் அடித்தது. "ஆத்தா, போர் போட ஆள் அனுப்பவா?" என்றான் ஒருவன். அப்புறம் முதல் கல் வந்தது. கமிட்டிக்காரர்கள் வேனில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தச் சுற்று வட்டாரம் முழுக்கச் செய்தி பரவி, பேசி வைத்திருந்த ஊரெல்லாம் வேறு செட்டுக்குப் போய்விட்டது. சோணை அந்த வருஷம் செங்கல் சூளைக்குப் போனான்.

கல்லடி பட்ட அன்றைக்குத் திரைக்குப் பின்னால் அண்ணன் ஓடிவந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "கல்லெடுத்து எறியிற அளவுக்கு நம்பியிருக்காய்ங்க, ஜோதி! தண்ணி வந்துரும்னு நம்பியிருக்காய்ங்க!"

நெற்றியில் வைத்த துண்டு நனைந்துகொண்டிருந்தது. "வெளிய போண்ணே" என்றாள் நாகஜோதி.

அதுதான் கடைசிப் பேச்சு. யாரோ செல்போனில் எடுத்த படம் ஊர் சுற்றியது. கல் விழுகிற இடம் நன்றாகவே தெரிந்தது. நாடகத்தை நிறுத்திய அறக்கட்டளை அண்ணனைக் கூப்பிட்டுச் சால்வை போட்டது. அவரும் குனிந்து வாங்கிக்கொண்டார்.

பந்தலுக்கு வெளியே வேன் வந்து நின்றது. கறுப்புச் சட்டை போட்ட பையன்களும் பெண்களும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் சரண்யாதேவி. அறக்கட்டளை அவள் பொறுப்பில்தான். கைத்தறிச் சேலை, அழுது வீங்கிய கண். நேராக உள்ளே போய் அண்ணன் மனைவி அன்னக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சங்கதி வெளியே வந்தது: உடலை அரங்கத்துக்குக் கொண்டுபோய் மேடையில் வைத்து அஞ்சலி செய்துவிட்டு, அப்புறம் தத்தனேரி மயானம்.

"தத்தனேரி அங்கிட்டு இருக்கு, இவுக இங்கிட்டுத் தூக்கிட்டுப் போறாகளாம்" என்றார் காளைச் சித்தப்பா. "பொணத்துக்கு டூரா?"

நாகஜோதிக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை. ஊருக்கு வேண்டியவர் என்றால் நாலு இடத்தில் வைக்கத்தான் செய்வார்கள். வேனில் சாய்ந்துகொண்டு வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பெண்ணிடம் சும்மா பேச்சுக் கொடுத்தாள்.

"ஒன் பேரென்னத்தா?"

"பவதாரிணிம்மா."

"பாட்டுப் பாடப் போறியா?"

"இல்லம்மா. மணல் ஊத்து கடைசி சீன். நான்தான் கிழவி. சார் பெட்டி பக்கத்துல உக்காந்து தோண்டுவேன். முடியிறப்ப மேடைக்கு அடியில இருந்து பைப்புல தண்ணி வரும். சாரச் சுத்தி ஓடும். ரொம்ப நல்லா இருக்கும்மா, நேத்து ராத்திரி பூராவும் ட்ரையல் பாத்தோம்."

"தண்ணி வருமா?"

"ஆமாம்மா."

நாகஜோதி கக்கத்தில் இருந்த போஸ்டரை அந்தப் பெண் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். சோணைக்கு அது என்ன செருகல் என்று தெரியும். "அக்கா, வேணாம், கேத வீடு" என்றான். அதற்குள் அவள் பந்தல் நடுவுக்குப் போய்விட்டாள்.

"தாயி, சரண்யாதேவி! கொஞ்சம் வெளிய வா. ஒரு சந்தேகம்."

குரல் சந்தின் கடைசி வீடு வரைக்கும் போனது. உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள்.

சரண்யாதேவி வாசலுக்கு வந்தாள். "அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. சாரோட கலைத் துணிச்சல, அவர் வாழ்நாள் பூரா எடுத்த ரிஸ்க்க நாங்க கொண்டாடணும்னு..."

"அத மேடையில பேசு. எனக்குக் கேட்டதுக்குப் பதிலு வேணும். எங்கண்ணே நாடகத்துல தண்ணி வருமா, வராதா?"

"மூலப் பிரதியில வராது. ஆனா இது அஞ்சலி நிகழ்வு. ஒரு மறுவாசிப்பு..."

"ஒத்திகையில பாத்துட்டு நீ என்னத்தா சொன்ன அன்னைக்கு?"

"அப்ப சூழ்நிலை வேற."

"சொன்னது என்ன?"

சரண்யாதேவிக்கு மூக்கு சிவந்தது. "நிறுத்தச் சொன்னேன். ஆமா. நாங்க ஒரு நிறுவனம்மா. எத்தனையோ கிராமத்துல பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித் தாறோம். ஒரு நாடகத்தப் பிடிச்சுத் தொங்கி அம்புட்டையும் இழுத்து மூடச் சொல்றீங்களா? உங்களுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. ஒரு ஊரு போனா அடுத்த ஊரு."

"அடுத்த ஊரா? இந்தா இருக்கான் சோணை, கேளு. செங்கல் சூளையில எந்த ஊரு நாடகம் பாத்தான்னு கேளு." நாகஜோதி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "பயந்த. சரி. பயம் எனக்கும் உண்டு. ராத்திரிக்கு ராத்திரி பயந்துக்கிட்டுத்தேன் ஏறுறேன். பயந்தவ, பயந்தேன்னு போஸ்டர் அடி. துணிஞ்சேன்னு அடிக்காத."

"நீங்க மட்டும்?" சரண்யாதேவியின் குரலும் இப்போது உயர்ந்தது. "கல்லு விழுந்தப்புறம் அந்த நாடகத்த நீங்க மறுபடி போட்டீங்களா? ஒரு தடவ? சார் எத்தனை நாள் எங்கிட்ட அதச் சொல்லி வருத்தப்பட்டிருக்கார் தெரியுமா? என் தங்கச்சியும் கடைசியில யாவாரிதான்னு சொன்னார்."

அடி சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. அந்த வார்த்தையை அண்ணன் சொல்லியிருப்பார். அந்தக் குரலிலேயே இவளுக்குக் கேட்டது. நின்று யோசிக்க நேரமில்லை. யோசித்தால் ஊர் எழுந்துவிடும்.

"போடல" என்றாள். "என் நெத்தி, என் இஷ்டம், போடல. போட்டா அவன் எழுதுனபடி போடணும், இல்லாட்டி பேசாம இருக்கணும். இருந்தேன். நீ என்ன செஞ்ச? உசுரோட இருந்தவரைக்கும் தண்ணி வேணாம்னு சொல்லிக்கிட்டே இருந்தான் அந்த மனுசன். இன்னைக்குப் பெட்டிக்குள்ள வாயக் கட்டிக் கெடத்தியாச்சு. இனி எந்திரிச்சு வந்து வேணாம்னு சொல்லமாட்டான்ல? அந்தத் தைரியத்துலதான தாயி நீ இம்புட்டுத் துணிஞ்சிருக்க?"

சொல்லி முடித்து நாடியைத் தூக்கினாள்.

தத்தரிகிட தோம்!

சோணை காலித் தண்ணிக் கேனைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எத்தனையோ வருஷமாக, அவள் எதிராளியை மடக்கி நாடியைத் தூக்கினால் அடுத்த நொடி அவன் கை விழும். இன்றைக்கும் விழுந்துவிட்டது. பிளாஸ்டிக் கேன் பந்தலே அதிர முழங்கியது. சந்து முனையில் யாரோ விசிலடித்தான். காளைச் சித்தப்பா ஒரு தடவை கைதட்டிவிட்டு, பாதியில் கையைப் பிரித்துக்கொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்துகூடச் சிரிப்பு வந்தது.

சோணை கேனைக் கீழே வைத்தான். கையை என்ன செய்வதென்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

ஆனால் சோணையைக் குறை சொல்லி என்ன? நாகஜோதி சிரிப்பு அடங்குவதற்காகக் காத்து நின்றாள். நாடியை இறக்காமல், இடுப்பில் வைத்த கையை எடுக்காமல், அடுத்த வரியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நின்றாள். தான் அப்படி நிற்பது அவளுக்கே தெரிந்தது, கதவருகில் அன்னக்கொடியைப் பார்த்த பிறகுதான்.

"முடிஞ்சுச்சா?" என்றாள் அன்னக்கொடி.

சிரித்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இல்ல, பாட்டு எதுவும் பாக்கி இருக்கான்னு கேட்டேன். இருந்தா பாடிரு. பெட்டி வாடகைக்கு வந்தது, சீக்கிரம் எடுக்கணும்."

"மதினி..." நாகஜோதி கையைக் கீழே போட்டாள். "மதினி, அண்ணே தண்ணி வரக்கூடாதுன்னு..."

"தெரியும். எங்கிட்டத்தேன் மொதல்ல சொன்னாரு. சமையக்கட்டுல நின்னுக்கிட்டு. நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். வந்துட்டா நல்லாருக்குமேங்கன்னேன். ஒனக்கு நாடகம் தெரியாதுன்னுட்டாரு."

அன்னக்கொடி படியை விட்டு இறங்கவில்லை. அங்கேயே நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் உப்பு விலை சொல்கிற குரலில் பேசினாள்.

"அவரு துணிஞ்சாரு. நீயும் துணிஞ்ச. ஒன் நெத்தி கிழிஞ்சத ஊரே பாத்துச்சு. இந்த வீட்டுல நான் என்ன துணிஞ்சேன்னு யாரும் கேட்டதில்ல. ரெண்டு பேருக்கும் நான் டிக்கெட் எடுக்காம பாக்க வந்தவ. ஆறு மாசம் ஒத்திகைன்னு போவாரு. வந்தாருன்னா பேச மாட்டாரு. அந்தக் கெழவி யாருன்னு நெனச்ச? தோண்டித் தோண்டி ஒண்ணும் வராம..." அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாளைக்கு வந்துட்டுப் போகுது. விடு."

"அவன் எழுதினது அது இல்ல மதினி."

"நான் எழுதிக்கிறேன்." அன்னக்கொடி சரண்யாதேவியின் பக்கம் திரும்பினாள். "எடுத்துட்டுப் போங்கம்மா. நானும் வாரேன்."

அரங்கத்துக்குச் சோணையின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள் நாகஜோதி. வழியெல்லாம் அவன் மன்னிப்புக் கேட்டான். "வண்டியப் பாத்து ஓட்டு" என்றாள் அவள்.

மேடையில் பெட்டியை வைத்து, அதன் வயரை இழுத்துப் பின்னால் தரையில் கிடந்த ஒரு ஜங்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தார்கள். பெட்டிக்குள் சின்னக் குழல் விளக்கு எரிந்தது. அரங்கத்தின் மற்ற விளக்குகளை அணைத்ததும் செல்வக்குமாரின் முகம் மட்டும் தெரிந்தது. முன்வரிசையில் அன்னக்கொடி. கூட்டத்தோடு உட்காரப் பிடிக்காமல் நாகஜோதி மேடையின் பக்கவாட்டில், திரை ஓரமாக நின்றுகொண்டாள். போகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

சரண்யாதேவி பேசுவதற்காக எழுதி வைத்திருந்த தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள்.

பவதாரிணி தோண்டினாள். குறை கண்டுபிடிக்கத்தான் நாகஜோதி பார்த்தாள். முழங்காலை மடித்த விதம் சரியாக இருந்தது. விரல் மணலில் நுழைகிற இடமும் சரியாக இருந்தது. இல்லாத மணலை அந்தப் பெண் கை நிறைய அள்ளிப் பின்னால் எறிந்தபோது, நாகஜோதி தன்னை அறியாமல் கண்ணைச் சுருக்கினாள். எரிச்சலாக இருந்தது.

பெண் தோண்டுவதை நிறுத்திவிட்டுக் காதை மேடையோடு வைத்தாள்.

தண்ணீர் வந்தது.

முதலில் ஒரு கோடாக வந்து, பிறகு அகலமாகி, பெட்டியின் காலைத் தொட்டு இரண்டாகப் பிரிந்து ஓடியது. குழல் விளக்கின் வெளிச்சம் அதில் நெளிந்தது. கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். அன்னக்கொடி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். வாயை முந்தானையால் பொத்தியிருந்தாள். நேற்றிலிருந்து யாரும் கேட்காத ஒரு சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது. சின்னப் பிள்ளை தூக்கத்தில் முனகுவதுபோல.

கறுப்புச் சட்டைக்காரர்கள் அழுதார்கள். அழாதவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மேடைக்குப் பின்பக்கம் சற்றுச் சரிவு போலிருக்கிறது. பெட்டியைத் தாண்டிய தண்ணீர் நிற்காமல் ஜங்ஷன் பாக்ஸைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினால் விளக்கு அணைந்துவிடும். அண்ணன் முகம் இருட்டாகிவிடும். மதினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகஜோதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெளிச்சம் படாத பக்கமாகக் குனிந்து போனாள். தண்ணீர் தொடுவதற்குள் ஜங்ஷன் பாக்ஸை வயரோடு சேர்த்து எடுத்து, பின்பக்கத் திரைக்குக் கீழே இருந்த மர ஸ்டூலின்மேல் ஏறினாள். வயர் நீளம் போதாமல் ஒரு கையை உயர்த்தியே வைத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் ஸ்டூலின் காலைச் சுற்றிக்கொண்டு போனது. பைப்பை அடைக்க இன்னும் யாருக்கும் நினைப்பு வரவில்லை. அவள் கையை மாற்றாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.